முதல் சொந்த வண்டியாகப் படா தோஸ்த்: ஐ3 எடுப்பதா, ஐ4 எடுப்பதா?

அசோக் லேலண்ட் நிறுவனம் 2020 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய படா தோஸ்த் என்ற சிறிய சரக்கு வண்டி, ஓட்டுநரே உரிமையாளராகவும் இருக்கும் ஒற்றை வண்டித் தொழிலுக்குப் பொருத்தமான வண்டி என்பதே என் கருத்து. ஆனால் அப்போது வந்த ஐ3, ஐ4 என்ற இரு வகைகளில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், ஷோரூமில் கிடைப்பது பெரும்பாலும் பாதி விடைதான். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் பெரியதையே எடுத்துவிடலாம்’ என்பார்கள். அந்தக் கொஞ்சத்தோடு என்னென்ன சேர்ந்து வரும் என்பதை வாங்குபவர்தான் கணக்கிட வேண்டும்.

இரண்டிலும் ஒரே 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்), ஐந்து கியர். வேறுபடுவது மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை. ஐ3 வண்டியின் மொத்த எடை 2,990 கிலோ. அதில் ஏறத்தாழ 1,400 கிலோ பாரம் ஏற்றலாம். ஐ4 வண்டியின் மொத்த எடை 3,490 கிலோ. பாரம் ஏறத்தாழ 1,860 கிலோ. ஐ3 வண்டியின் எடை 3,000 கிலோவுக்குப் பத்தே கிலோ குறைவாக நிற்பது தற்செயலன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் (சரக்கு ஏற்றி ஓட்டுவதற்கான அனுமதி) வேண்டியதில்லை என்கிறது. ஐ4 எடுப்பவர் பெர்மிட் வாங்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநிலம் தாண்டி நாடு முழுவதும் ஓட்ட விரும்பினால் நேஷனல் பெர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய் கட்ட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடில்லை. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிகளுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட அடிப்படைப் பிரீமியம் 16,049 ரூபாய்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தச் சரக்கை ஏற்றப் போகிறோம் என்பதை. திருப்பூரிலிருந்து பனியன் பெட்டி ஏற்றுபவருக்கு எடை ஒரு பொருட்டே அன்று. பெட்டிகள் தளத்தை நிறைத்துவிடும், தராசு பாதியில் நிற்கும். அவருக்கு ஐ3 போதும், ஐ4 வீண் செலவு. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு வெங்காயமும் முருங்கையும் கொண்டுபோகிறவர் நிலை வேறு. மூட்டைக் கணக்கில் வாடகை பேசப்படும் இடத்தில் 1,400 கிலோவோடு நிறுத்திக்கொள்ள வியாபாரி விடமாட்டார். ‘இன்னும் நாலு மூட்டைதானே’ என்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கான அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறுகிறது. மிகுதிச் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகரும். அந்த நாலு மூட்டையின் வாடகையையும் இந்த அபராதத்தையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், காய்கறிக்காரருக்கு ஐ4 வண்டியின் பெர்மிட் செலவு பெரிதாகத் தெரியாது.

வண்டியைப் பற்றி: மூவர் அமரக்கூடிய கேபின் தாராளமானது. சரக்குத் தளம் ஏறத்தாழ ஒன்பதரை அடி நீளம் இருப்பதால் பிளைவுட், பி.வி.சி. குழாய் போன்ற நீளச் சரக்குகளுக்கும் கேட்டு வருவார்கள். பக்கப் பலகை தாழ்வாக இருப்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. இலகுச் சரக்கு ஏற்றுபவர்கள் பட்டறையில் கம்பி வைத்து உயர்த்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த இரும்பின் எடை ஏற்றக்கூடிய பாரத்திலிருந்தே கழியும் என்பதையும், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதிவான அமைப்பை ஒப்புதலின்றி மாற்றினால் எஃப்.சி.யின்போது (தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது) கேள்வி வரும் என்பதையும் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. புது வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டு செல்லும் என்பதால் அந்தக் கேள்வி தாமதமாகவே வரும், அவ்வளவுதான்.

ஓட்டுநர் உரிமம் பற்றிய பழைய குழப்பம் இப்போது இல்லை. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல் இல்லாமலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது.

விலையில் 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம்: சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது. அதைவிட முக்கியமானது கடன். தனியார் பைனான்ஸ்காரர்கள் பலர் ‘எட்டு சதவீதம்தான்’ என்பது பெரும்பாலும் ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் போடும் வட்டி. ஆறு லட்சம் கடனுக்கு நான்கு ஆண்டுக்கு 8 சதவீத ஃப்ளாட் என்றால் வட்டி 1,92,000 ரூபாய், மாதத் தவணை 16,500 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அதே வட்டி 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதம் 25 நாள் வண்டி ஓடினால், டீசலுக்கும் டயருக்கும் முன்னதாகத் தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 660 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ரிட்டர்ன் லோடு கிடைக்காத வழித்தடத்தை நம்பி வண்டி எடுப்பவர் இந்த 660 ரூபாயை ஒருவழி வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு நான் எந்தப் புது வண்டியையும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பணம் கூடுதலாகச் சேரும் வரை காத்திருப்பதோ, நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி பார்ப்பதோ மேல்.

வரிப் பக்கம் பயந்த அளவுக்குச் சிக்கலில்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர், இந்த அளவு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டி வருமான வரிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். விரிவான கணக்குப் புத்தகம் தேவையில்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்போல் சரக்குச் சீட்டு வழங்காமல் வாடகைக்கு ஓட்டுபவரின் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு. ஆனால் ஏற்றிய சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல ஜி.எஸ்.டி. விதிப்படி ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டுமா என்று பார்ப்பதை வியாபாரியிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது தேவை. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். பில் இல்லாமல் பிடிபட்டால் சரக்கோடு வண்டியும் நிற்கும்.

டெலிவரி எடுக்கும் நாளில் வகைப் பெயரைவிட ஆர்.சி. விண்ணப்பத்தில் எழுதப்படும் மொத்த எடையைச் சரிபாருங்கள். பிற்பாடு இதே குடும்பத்தில் வேறு எடைகளும் சேர்ந்திருப்பதால் எழுத்தரின் கவனக்குறைவுக்கு இடமுண்டு. கடன் முடிந்ததும் பைனான்ஸ் நிறுவனத்திடம் படிவம் 35 வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹைப்போதிகேஷனை (வண்டியின் மீது கடன் இருப்பதாக ஆர்.சி.யில் உள்ள பதிவை) நீக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பதிவு இருக்கும் வரை பைனான்ஸ் நிறுவனத்தின் சம்மதமின்றி வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.