வீட்டு அலுவலகத்துக்கு எந்த மேசை: சாப்பாட்டு மேசையா, மோட்டார் மேசையா, ஆசாரி மேசையா?

கடை மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். 160 செ.மீ. உயரமுள்ளவர் பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் அவர் முழங்கை ஏறக்குறைய 63 செ.மீ.யில்தான் இருக்கும். இந்த 12 செ.மீ. இடைவெளிதான் தோள்வலிக்கு வேர். விசைப்பலகையை எட்ட நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் முதலில் அளவெடுங்கள். தொடை தரைக்கு இணையாக இருக்கும்படி உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிவரை இன்னொருவரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்கள் மேசையின் உயரம்.

சாப்பாட்டு மேசைக்குச் செலவில்லை. நாற்காலியை 52 செ.மீ.க்கு உயர்த்தி, காலடியில் 12 செ.மீ. பலகைப் பெட்டி வைத்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் பல சாப்பாட்டு மேசைகளில் பலகைக்கு அடியில் 8 முதல் 10 செ.மீ. சட்டம் ஓடும். உயர்த்தி உட்கார்ந்தவரின் தொடை அதில் இடிக்கும், நாற்காலியின் கைப்பிடியும் உள்ளே போகாது. தினம் இரண்டு மணி நேர வேலைக்கு இது போதும், எட்டு மணி நேரத்துக்குத் தாங்காது.

மோட்டாரால் ஏறி இறங்கும் மேசையை வாங்குகிறவர்கள் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு கீழே இறங்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. காலில் இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வகை 70 செ.மீ.க்குக் கீழே இறங்குவது அரிது. மூன்று குழாய் வகை 60, 62 வரை இறங்கும். அந்த எண்ணும் பலகை இல்லாத சட்டத்தின் அளவாக இருக்கலாம், அப்படியானால் 2.5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மேசை ஏறும்போது வயர் இழுபடாமலிருக்க, எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பலகைக்கு அடியிலேயே திருகி, சுவருக்கு ஒரே ஒரு நீள வயர் மட்டும் விடுங்கள். உயரம் வேறுபட்ட இருவர் ஒரே மேசையில் மாறி மாறி வேலை செய்தால் இதற்குக் கொடுக்கும் விலை நியாயம்.

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மேசை என்றால் ஆசாரியிடம் செய்து வாங்குவதே எங்கள் தேர்வு. 8x4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் போதும்: 120x60 செ.மீ. மேல்பலகை ஒன்று, 60 செ.மீ. அகலத்தில் பக்கப் பலகை இரண்டு. இவை பாதி ஷீட்டிலேயே அடங்கிவிடும், மீதியில் ஓர் அலமாரித் தட்டும் வரும். ஐ.எஸ். 710 முத்திரை (நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) உள்ளதைக் கேளுங்கள். மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம்; அது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னல் ஓரம் நனைந்தால் விளிம்பு ஊதிவிடும், பிறகு திருகும் பிடிக்காது. மானிட்டர் தாங்கியின் கிளாம்பும் அதை நசுக்கும்.

120 செ.மீ. நீளத்துக்கு 18 மி.மீ. பலகை நாளடைவில் நடுவில் தொய்யும். பின்பக்கம் 10 செ.மீ. பட்டை அடியுங்கள். முன்பக்கம் 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய் போதும், அங்கே அகலப் பட்டை கூடாது. உட்கார்ந்தவரின் தொடை 54, 55 செ.மீ. வரை வரும், 63 செ.மீ. மேசையில் பலகைக்கு அடியில் மிஞ்சுவது சுமார் 6 செ.மீ.தான். மடிக்கு மேல் இழுப்பறை கேட்டால் அந்த இடமும் போய்விடும். இழுப்பறை வேண்டுமானால் தனிப் பெட்டியாகப் பக்கத்தில் வையுங்கள்.

எந்த மேசையானாலும் மடிக்கணினியைத் தாங்கியில் உயர்த்தித் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், விசைப்பலகை தனியாக இருக்கட்டும்.

ஆசாரியிடம் மேசை உயரத்தைச் செ.மீ.யில் தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால், கை பழகிய இரண்டரை அடிக்கே அறுத்துவிடுவார்; அது 76 செ.மீ.