கடைசி செமஸ்டர்: காலேஜ் ப்ராஜெக்டா, இன்டர்ன்ஷிப்பா?

காட்பாடி பக்கம் சாஃப்ட்வேர் படிக்கிற தம்பி தங்கச்சிங்க இதையே திரும்பத் திரும்ப கேக்கறாங்க, அதான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்னு எழுதறேன்.

செலவு
ப்ராஜெக்ட்: வீட்டுச் சாப்பாடு, பஸ் காசு, அவ்ளோதான்.
இன்டர்ன்ஷிப்: சென்னையோ பெங்களூரோ போகணும், காட்பாடி ஜங்ஷன்ல ரெண்டு பக்கமும் ட்ரெயின் இருக்கு, ஆனா தினமும் போய்வந்தா உடம்பு தாங்காது, ரூம் வாடகை சேரும். ஸ்டைபண்ட் (மாசா மாசம் தர்ற உதவித்தொகை) உண்டான்னு முதல்லயே கேட்டுடுங்க.

கத்துக்கறது
ப்ராஜெக்ட்: டிசைன்ல இருந்து டெஸ்டிங் வரைக்கும் எல்லாத்தையும் நாமளே தொட்டுப் பாக்கலாம்.
இன்டர்ன்ஷிப்: யாரோ எழுதி வச்ச பழைய ப்ரோக்ராம் கோட் எல்லாத்தையும் படிச்சுப் புரிஞ்சுக்கணும், கிட்ல (Git, கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் பதிவு பண்ணி வைக்கிற டூல்) தனி ப்ராஞ்ச், அதாவது நமக்குன்னு ஒரு தனி கிளை போட்டு வேலை செய்யணும், ரிவ்யூல சீனியர் சொல்றத கேட்டு திருத்தணும். நான் காலேஜ் ப்ராஜெக்ட்தான் பண்ணேன்; என் டீம்ல நாலு பேர், ஒருத்தன்தான் கோட் எழுதினான், நாங்க ரிப்போர்ட் போட்டோம். வேலைக்குப் போன முதல் மாசம் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (ரெண்டு பேர் ஒரே இடத்துல கோட மாத்தி, சேர்க்கும்போது முட்டிக்கறது) வந்தப்போ எனக்கு கை நடுங்கிடுச்சு, அத இன்னும் மறக்கல.

சுலபம்
ப்ராஜெக்ட்தான், சந்தேகமே இல்ல.

மேல படிக்கப் போறவங்க ப்ராஜெக்ட் எடுங்க, ஆழமா ஒரு விஷயத்தப் பிடிக்கலாம். நேரா வேலைக்குன்னா இன்டர்ன்ஷிப்தான் என் ஓட்டு. பணம் இடிக்குதா, காலேஜ் ப்ராஜெக்டையே எடுங்க, ஆனா ராணிப்பேட்டை தோல் கம்பெனியோ வேலூர் லாங் பஜார் கடையோ, நெஜமா பயன்படுத்தப் போற ஒருத்தரப் பிடிச்சு அவருக்கு ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் பண்ணுங்க, நாலு பேருமே கோட் எழுதுங்க.