நல்ல கிதாருக்கு ஒரு சூடு: சூட்டுக்கோலா, லேபிளா, லேசரா?

2019ல நான் செஞ்ச நாலாவது கிதார் போன வருஷம் ஃப்ரெட் வேலைக்காக திரும்பி வந்துச்சுங்க. கம்பியெல்லாம் கழட்டிட்டு சவுண்ட்ஹோல் (முன்பக்க ஓட்டை) வழியா மொபைல் டார்ச் அடிச்சு பாக்குறேன், உள்ள ஒட்டியிருந்த லேபிள்ல என் பேரையே காணோம். ராமபாணப் பூச்சி தின்னுருக்கு. பேப்பரோட வலது ஓரமும் கீழ 'கோயம்புத்தூர் 2019'ங்கற வரியும்தான் மிச்சம். பழைய முறைப்படி செய்யணும்னு ஒரு வீம்புல அப்ப மைதா பசை காய்ச்சி ஒட்டியிருந்தேன், பூச்சிக்கு பந்தி போட்ட மாதிரி ஆகிப்போச்சு.

அதுக்கப்புறம்தான் காய வெச்சு அழுத்தினா பேரை மரத்துல கரியா பதிக்கற சூட்டுக்கோல் ஒண்ணு பித்தளையில செஞ்சு வாங்கினேன். அஞ்சு கிதார் ஆச்சு, அஞ்சுலயும் சூடுதான். கைல கிதார் செய்யுற ரெண்டு மூணு பேரு, கிதார்ல நம்ம பேரு போட எது நல்லதுன்னு கேட்டாங்க, அதான் எழுதறேன். நடுநிலையா எல்லாம் இருக்காது, நான் சூட்டுக்கோல் பக்கம்தான், முன்னாடியே சொல்லிடறேன்.

சீக்கிரமா தள்ளிவிட வேண்டியதை தள்ளிடறேன். ஹெட்ஸ்டாக்ல, அதான் கழுத்தோட தலைப்பக்கம், முத்துச்சிப்பி பதிக்கறதுதான் அழகு, அதுல பேச்சே இல்ல. ஆனா பேரு முழுசா அறுத்து பதிக்க எனக்கு ஒரு நாள் முழுக்க போகுது, ஒரு எழுத்து உடைஞ்சா அன்னிக்கு மூடு அவுட். தண்ணியில ஊறவெச்சு ஒட்டுற டெக்கால் முன்பக்க லோகோவுக்கு ஓகே, ஆனா மேல லேக்கர் (வார்னிஷ் மாதிரி பூச்சு) பூசித்தான் காப்பாத்தணும், அந்த லேக்கரை ஒருநாள் எவனாவது சுரண்டுனா டெக்காலும் கூடவே போயிடும். ரப்பர் ஸ்டாம்ப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, ஸ்ப்ரூஸ் மரத்துல மை நரம்பு நரம்பா ஊறி ரேஷன் கடை சீல் மாதிரி இருக்கும். ஆக நிஜமான போட்டி பேப்பர் லேபிள், லேசர், சூட்டுக்கோல் மூணுக்கும்தான்.

லேபிளை குறைச்சு பேச முடியாதுங்க. ஸ்பெயின்ல இன்னிக்கு நாம பாக்குற கிளாசிக்கல் கிதாருக்கு உருவம் குடுத்த அந்தோனியோ தெ தோரெஸே பேப்பர் லேபிள்தான் ஒட்டினாரு. வருஷம், நம்பர், மரம், வாங்கறவர் பேருன்னு என்ன வேணா எழுதலாம், தப்பா எழுதினா கிழிச்சுட்டு வேற ஒட்டலாம், செலவும் இல்ல. ஆனா நான் தப்பா எழுதினதை கிழிக்க முடியும்னா அடுத்தவனும் கிழிக்க முடியும்ல? 'அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ்'னு, அந்த காலத்து பேர் போன இத்தாலி வயலின்காரர் பேருல, லேபிள் போட்ட ஃபேக்டரி வயலின் உலகம் பூரா பரண்ல கிடக்குது, எங்க தாத்தா வயலின் கோடி ரூபா போகும்னு எடுத்துட்டு வர்றவங்களும் எல்லா ஊர்லயும் இருக்காங்க. அது பேப்பரோட புத்தி. எந்த பொட்டிக்குள்ளயும் போய் ஒட்டிக்கும்.

எனக்கு முடிவு பண்ணினது இந்த ஒரு விஷயம்தான். கிதார் நம்ம கைய விட்டு போனதுக்கு அப்புறம் இருபது முப்பது வருஷம் யார் யார் கைலயோ இருக்கும், பின்பலகையை ஒருத்தர் கழட்டுவாரு, பிரேஸ் (பலகையை உள்ள தாங்கற குச்சி) விட்டுப்போச்சுன்னு இன்னொருத்தர் ஈரத்துணி வெச்சு பழைய பசையை இளக்குவாரு, நடுவுல மழைக்காலம், பூச்சி, இத்தனைக்கும் அப்புறம் அந்த குறி மரத்துல இருக்குமா இருக்காதா? சூடு இருக்கும். ஏன்னா அது மரத்து மேல ஒட்டுனது இல்ல, அந்த மரமே அங்க கரியாகி அமுங்கி இருக்குது. அதை எடுக்கணும்னா இழைச்சுத்தான் எடுக்கணும், இழைச்ச தடம் காட்டிக் குடுத்துடும்.

அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனி பழைய கிதார்களை பாருங்க. உள்ள பின்பலகை நடுவுல ஒட்டுற பட்டையில முத்திரை இருக்கும். ஃபேக்டரி 1830கள் கடைசியிலயே பென்சில்வேனியாவுல நாசரேத்ங்கற ஊருக்கு போயிடுச்சு, ஆனா முத்திரையில 1898 வரைக்கும் நியூயார்க்னுதான் அடிச்சிருக்காங்க. 1867ல கம்பெனி பேரோட '& கோ' சேந்துச்சு. 1898லதான் நாசரேத் பேரு வந்துச்சு, சீரியல் நம்பரும் அந்த வருஷம்தான் ஆரம்பம், அதுவும் ஒண்ணுல இல்ல, 8000ல இருந்து. அதுக்கு முந்தின கிதாருக்கு வயசு கண்டுபிடிக்க இன்னிக்கும் முதல்ல பாக்கறது அந்த முத்திரை வாசகத்தைத்தான். நம்ம பேரை நூறு வருஷம் கழிச்சு யாரும் தேடப்போறதில்ல, அது வேற கதை. ஆனா முறை நல்ல முறை.

இப்ப இதோட மறுபக்கம். அழியாதுங்கறது தப்புக்கும் சேத்துத்தான். முதல் தடவை ஆர்வக்கோளாறுல மஹாகனி கழுத்துல, ஹெட்ஸ்டாக் பின்னாடி நேரா வெச்சு அழுத்தினேன். எடுத்து பாத்தா இடது பக்கம் கருப்பா இருக்கு, வலது பக்கம் வெளிறிப்போய் இருக்கு. சரி இன்னொரு தடவை அதே இடத்துல வெச்சா சரியாயிடும்னு வெச்சேன் பாருங்க, அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு நிழல், கண்ணுல பூ விழுந்தவன் படிக்கற மாதிரி. நல்ல மாட்டுக்கு ஒரு சூடுன்னு சும்மாவா சொன்னாங்க. முக்கா மில்லி இழைச்சும் போகல, கடைசியில பின்னாடி ஈட்டி மரத்துல மெல்லிசா ஒரு வினீர் ஒட்டி மூடினேன். வாங்கினவர் அதை டிசைன்னு நினைச்சு ரொம்ப பாராட்டினாரு, நானும் ஆமாங்கன்னுட்டேன்.

அன்னையிலிருந்து ஒரே விதி, கிதார்ல சூடு போடறதில்ல, பட்டையில போடறேன். பின்பலகையோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல உள்பக்கம் ஒரு ஸ்ப்ரூஸ் பட்டை ஒட்டுவோம்ல, 2 மில்லி கனம், 20 மில்லி அகலம். அது டாப் (முன்பலகை) அறுத்ததுல மிஞ்சுன துண்டுதான், காசே கிடையாது. ஒட்டறதுக்கு முன்னாடி மேஜை மேல வெச்சு சூடு போட்டு, நல்லா விழுந்த பட்டையை மட்டும் ஒட்டணும். போன கிதாருக்கு மூணு பட்டை குப்பைக்கு போச்சு, நாலாவது ஒட்டுச்சு. இப்படி செஞ்சா அழியாத குறியும் கிடைக்குது, தப்போட விலை ஒரு துண்டு ஸ்ப்ரூஸ்தான். ஒட்டின அப்புறம் சூடு போட்டா இன்னொரு வில்லங்கமும் இருக்கு, நாம ஒட்டுற மரப்பசை சூட்டுக்கு இளகுற ஜாதி, அதுக்கு நேர் கீழயே பின்பலகை ஜாயிண்ட் வேற போகுது. சவுண்ட்ஹோலுக்கு நேரா பேரு வரணும், அதை மட்டும் அளந்து பட்டையில பென்சில் கோடு போட்டுக்கங்க. எனக்கு ஒரு தடவை 3 சென்டிமீட்டர் தள்ளிப்போய் கடைசி ரெண்டு எழுத்து டாப்புக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு.

கோல் விஷயத்துக்கு வருவோம். கோயம்புத்தூர் கணபதி பக்கம் கம்ப்யூட்டர்ல வெட்டற ஒரு சிஎன்சி பட்டறையில பித்தளையில வெட்டித்தந்தாங்க, எழுத்து முகம் 45க்கு 12 மில்லி, எழுத்தோட ஆழம் 3 மில்லி. இந்த ஆழம் முக்கியம், ஒரு மில்லிதான் இருந்தா எழுத்துக்கு நடுவுல இருக்கற பள்ளமும் மரத்தை வாட்டி சுத்தி பழுப்பா ஒரு மேகம் வந்துடும். மெல்லிசு கோடு, வாலு வெச்ச எழுத்தெல்லாம் வேண்டாம். தமிழ்ல பேரு போட ஆசைப்பட்டு சுழியெல்லாம் உள்ள கரி அடைச்சுக்கிச்சு, தடிமனா வேற எழுத்து வரைஞ்சு குடுத்தேன். கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி வெட்டணும்னு சொல்ல மறக்காதீங்க, நாம குடுத்த டிராயிங்கை அவங்க அப்படியே வெட்டிடுவாங்க.

பிரஸ்ல ஃபாயில் எழுத்து அடிக்கற மெக்னீசியம் பிளாக் சல்லிசா கிடைக்குதே, அதையே சூடு பண்ணலாமான்னு ஒரு நண்பர் கேட்டாரு. ஸ்கூல் லேப்ல மெக்னீசியம் ரிப்பன் வெள்ளை வெளிச்சமா எரிஞ்சது ஞாபகம் இருக்கா, அதேதான் இது, நெருப்புல காட்டாதீங்க. துத்தநாக பிளாக் 419 டிகிரியில உருகிடும், நமக்கு வேண்டிய சூடு அதுக்கு ரொம்ப கிட்ட. பித்தளைக்கு அந்த பயம் இல்ல.

முதல்ல சமையல்கட்டு கேஸ் அடுப்புல காய வெச்சுத்தான் போட்டேன். ஓரம் ஒரு சூடு நடு ஒரு சூடு, மேல புகைக்கரி, வீட்டுல திட்டு தனி. இப்ப 125 வாட் சால்டரிங் அயர்ன் முனையை கழட்டிட்டு அதுல இந்த பித்தளையை மாட்டியிருக்கேன். கால் மணி நேரம் ஆகும், ஆனா சூடு ஒரே சீரா நிக்குது. 60 வாட் பத்தாது, ஒரு சூடு போட்டதுமே இறங்கிடும். சூடு பாக்க துப்பாக்கி மாதிரி ஐஆர் தெர்மாமீட்டர் வாங்கிடாதீங்க, பளபளன்னு இருக்கற பித்தளையில அது பொய் சொல்லும், கை வெச்சா தோலு உரியற சூட்டுல 90 டிகிரின்னு காட்டுச்சு. மல்ட்டிமீட்டர்ல வர்ற தெர்மோகப்பிள் ஒயரை பக்கத்துல சொருகி பாக்கறேன், 350 பக்கம் வந்தா ஸ்ப்ரூஸுக்கு ரெண்டு மூணு செகண்ட், மஹாகனிக்கு நாலு. டிரில் பிரஸ்ஸை பிளக் புடுங்கி வெச்சுட்டு அதோட கைப்பிடியால நேரா இறக்கறேன், அப்ப ஆட்டம் இல்ல. 'ஸ்ஸ்'னு சத்தம் வந்து புகை வெள்ளையிலிருந்து பழுப்பா மாறுற அந்த நொடி எடுத்துடணும். எடுத்ததும் 320 நம்பர் சாண்ட்பேப்பர்ல மேலாக்க ஒரு தேய், சுத்தியிருக்கற பழுப்பு போயிடும். ஈட்டி மரத்துல நேரா போடறது வீண், மரமே கருப்பு, எண்ணெய் கசிஞ்சு கோல்ல அப்பிக்கும். முக்கியமா, நைட்ரோ லேக்கர் அடிச்ச இடத்துக்கு கிட்டக்கூட கோலை கொண்டு போகாதீங்க, பக்குனு பத்திக்கும்.

லேசரை ரெண்டு கிதாருக்குத்தான் பண்ணி பாத்திருக்கேன், அதுவும் ஷீல்டு, ட்ராஃபி செய்யற கடையில குடுத்து, அதனால என் பேச்சை முழுசா நம்பாதீங்க. வசதி வசதிதான். முடி மாதிரி கோடெல்லாம் வருது, ஒவ்வொரு கிதாருக்கும் வேற நம்பர், வேற வருஷம் போட்டுக்கலாம், கோணல் ஆகாது, அதுவும் அழியாது. நான் பெருசா சொன்ன அழியாத விஷயத்துல லேசரும் பாஸ்தான், அதை மறைக்கல. ஆனா ஸ்ப்ரூஸ்ல வெளிர் பாகம் மெது, கோடு பாகம் கெட்டி, லேசர் மெதுவான பாகத்தை ஆழமா தின்னுட்டு கெட்டியை விட்டுடுது, கிட்ட பாத்தா எழுத்து சீப்பு பல்லு மாதிரி இருக்கு. கோலு ரெண்டையும் சேத்து அமுக்கிடுது, விரல் நுனியால தடவினா எழுத்தோட தரை வழவழன்னு இருக்கும். இது பவர், ஸ்பீடு மாத்தி சரிபண்ணக்கூடியதா இருக்கலாம், கடைக்காரர்கிட்ட எத்தனை தடவைதான் நிக்கறது. சொந்தமா லேசர் மிஷின் இருக்கறவங்களுக்கு என் வாதம் பாதி அடிபடும். மீதி பாதி என்னன்னா, கீசெயின்ல இருந்து கல்யாண தாம்பூலத்தட்டு வரைக்கும் எல்லாத்துலயும் அதே லேசர் எழுத்துதான் இருக்கு, எனக்கு அது புடிக்கல, அவ்வளவுதான்.

கோலோட பெரிய குறை, வருஷமும் நம்பரும் மாத்த முடியாது. அதுக்கு நம்ம ஊரு லேத் பட்டறையில இரும்புல நம்பர் அடிக்கற பஞ்ச் செட் இருக்கே, அது ஒண்ணு வாங்கி கழுத்துக்கட்டையில (கழுத்து உடம்போட சேர்ற உள்கட்டை) சுத்தியால தட்டிடறேன். வாங்கறவர் பேரெல்லாம் எழுதணும்னா டாப்புக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதிட்டு மூடிடறேன். போலி விஷயத்துலயும் கோலு கோட்டை இல்ல, என் முத்திரையை போட்டோ எடுத்துட்டு போய் எவன் வேணா இன்னொரு கோல் வெட்டிக்கலாம். ஆனா ஏற்கனவே மூடுன கிதாருக்குள்ள அதை போடறது லேபிள் ஒட்டற மாதிரி சுலபம் இல்ல.

எவ்வளவு கஷ்டம்னு எனக்கே தெரியும். அந்த பூச்சி தின்ன 2019 கிதார்காரர் புது கிதார்ல சூட்டை பாத்துட்டு என்னுதுலயும் அதேதான் வேணும்னு நின்னுட்டாரு. சவுண்ட்ஹோல் 10 சென்டிமீட்டர், அதுக்குள்ள கொதிக்கற பித்தளையை விட்டு பிரேஸ்ல படாம நேரா அமுக்கறது நடக்கற காரியமா? கடைசியில ஒரு மில்லி கனத்துக்கு சீடர் துண்டு ஒண்ணு இழைச்சு, அதுல சூடு போட்டு, பழைய லேபிள் இருந்த இடத்துல உள்ள கைய விட்டு ஒட்டிக் குடுத்தேன். மைதா இல்லீங்க, இந்த தடவை மரப்பசை. யாராவது சூடான கத்தியை விட்டு நெம்புனா அதுவும் லேபிள் மாதிரியே கழண்டு வந்துடும்னு அவர்கிட்ட சொல்லல.