பிரவுசர் திணறுகிறது: ரேமா, எஸ்எஸ்டியா, நெட் பிளானா?

கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேமைக் கூட்டினால் நெட் வேகமாகாது. லைனில் தரவு வரும் வேகத்துக்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை. வந்த பக்கங்களைத் திறந்து வைத்திருக்க இடம் பற்றாதபோது வரும் திணறலைத்தான் ரேம் தீர்க்கும். ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி ‘ஸ்லோ’வாகவே தெரியும். அதனால்தான் வியாதி ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடுகிறது.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. ரீஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் விட்டு, ஒரே ஒரு டேபில் வழக்கமான தளத்தைத் திறங்கள். அதுவே இழுத்தால் பெரும்பாலும் ரேம் காரணமல்ல. பத்துப் பதினைந்து டேப் ஏறிய பிறகுதான் இழுக்கிறது என்றால், இழுக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் முட்டி நின்றால் ரேம் போதவில்லை; விண்டோஸ் ரேமில் உள்ளதை டிஸ்க்கில் இருக்கும் பேஜ்ஃபைலுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது. மெமரி பாதி காலியாக இருந்து சிபியு 100-ஐத் தொட்டால் பிராசஸர்தான் மூச்சு வாங்குகிறது. அதற்கு ரேமும் உதவாது, நெட் பிளானும் உதவாது. விளம்பரத் தடுப்பான் ஓரளவு உதவும், அதுவும் இலவசம்.

ஒரு பொய்யான அறிகுறியும் உண்டு. பழைய டேபுக்குத் திரும்பினால் பக்கம் மறுபடி லோடு ஆவதை ரேம் பற்றாக்குறை என்பார்கள். குரோமில், பயன்படுத்தாத டேபுகளைத் தூங்கவைக்கும் மெமரி சேவர் ஆனில் இருந்தால், ரேம் தாராளமாக இருந்தாலும் இது நடக்கும். செட்டிங்ஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் அணைத்துப் பாருங்கள்.

ரேமில் 4 ஜிபியிலிருந்து 8-க்குப் போவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். 8-லிருந்து 16, டேபை மூடும் பழக்கமே இல்லாதவர்களுக்கும், கூடவே வீடியோ மீட்டிங், எக்செல் என்று ஓட்டுபவர்களுக்கும் பயன்படும். அதற்கு மேல் பிரவுசிங்குக்காக மட்டும் வாங்குவது வீண். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை; முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

பழைய லேப்டாப்பில் 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் இருந்து, ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் எங்கள் ஓட்டு எஸ்எஸ்டிக்கு (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்). பேஜ்ஃபைலும் பிரவுசர் கேஷும் (பார்த்த பக்கங்களின் சேமிப்பு) சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கப்படுபவை. ஒவ்வொன்றையும் தேடி எடுக்க ஹார்டு டிஸ்க்குக்கு 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லி செகண்டு அளவுதான். ரேம் பற்றாக்குறை அப்படியே இருக்கும், வலி குறையும். விண்டோஸ் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் கூடவே வேகமாகும்.

நெட் பிளான் பெரும்பாலும் கடைசி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்பது நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்); செய்தித் தளத்தின் ஒரு பக்கம் பொதுவாகச் சில எம்பிதான். அதை 300 ஆக்கினாலும் பக்கம் மூன்று மடங்கு வேகத்தில் திறக்காது, ஏனென்றால் நேரம் போவது பல சிறு கோரிக்கைகள் சர்வருக்குப் போய்த் திரும்புவதில். அதே இடத்தில் அதே வைஃபையில் போனில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் மந்தமென்றால் வைஃபையை ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியோ லேன் கேபிள் செருகியோ பார்த்துவிட்டுப் பிறகு பிளானைப் பற்றி யோசியுங்கள்.

ரேம்தான் என்று முடிவானால், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியது, வேகம் என்ன என்பது இருக்கும். மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கூட்ட வழியில்லை. டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் வகைகளில் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 உட்காரும், ஆனால் பூட் ஆகாமல் போகலாம். மாட்டிய பின் திரை கறுப்பாகவே நின்றால் பதறாமல் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, ரேம் ஸ்டிக்கைச் சாய்வாக முழுதும் செருகி, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள்.