கவர்த்வா கோட்டை அருங்காட்சியகம்: முதலாளியின் வீடு, முதலாளியின் கணக்கு

வேல்ஸின் மெர்தர் டிட்வில் நகருக்குப் போகிறவர்கள் இதற்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். கோட்டை என்றதும் போர்க்களத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரும்பாலை முதலாளி இரண்டாம் வில்லியம் க்ராஷே 1824-25இல் கட்டிக்கொண்ட வீடு இது. கொத்தளமெல்லாம் வெறும் பகட்டு. டாஃப் ஆற்றுக்கு அப்பால் அவருடைய ஊதுலைகளின் கல் முகப்பு இன்றும் நிற்கிறது.

என்னை நகரவிடாமல் நிறுத்தியது பென்ரி வில்லியம்ஸ் 1825இல் தீட்டிய ஓவியம்: இரவு நேர ஆலை, உயரமான கூரைக்குக் கீழே கனலின் வெளிச்சம், நடுவே சின்னச் சின்ன மனிதர்கள்.

வியாபாரக் கதைகளில் ருசி உள்ளவர்கள் கால்வாய் விவகாரத்தைத் தவறவிடக் கூடாது. இரும்பைக் கார்டிஃப் துறைமுகம் வரை கொண்டுசெல்ல 1794இல் திறந்த கால்வாயில் க்ராஷேயின் தாத்தா ரிச்சர்டின் கையே ஓங்கியிருந்தது. பொறுத்துப் பார்த்த போட்டி ஆலைக்காரர்கள் தனியே தண்டவாளம் போட்டுக்கொண்டார்கள். 1804இல் பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி வண்டி பத்து டன் இரும்பை இழுத்துச் சென்றது அதன்மேல்தான். முதலாளிகள் முட்டிக்கொண்டதில் ரயிலுக்கு வழி பிறந்தது!

மெர்தர் தொழிலாளர்களின் 1831ஆம் ஆண்டுக் கலகத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போனால் மாடியறைகளின் ஆடம்பரம் வேறு மாதிரித் தெரியும். அந்த ஆண்டு கூலியைக் குறைத்தவர் இதே வீட்டுக்காரர்.