பழைய டீசல் தாங்கியை யாரிடம் கொடுத்து எடுப்பது?

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய பங்களா வாங்கினால், பின்வளவில் மண்ணுக்குள் ஒரு இரும்புத் தாங்கியும் சேர்ந்தே வருவதுண்டு. ஜெனரேட்டருக்கோ போய்லருக்கோ டீசல் நிரப்பி வைத்தது. 500 கேலன் தாங்கி என்றால் சுமார் 2,270 லீட்டர் பிடிக்கும். எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும், விலை பேசும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அடியில் தேங்கிய கசடு எங்கே போகும்? மலையில் மேலே கொட்டுவது கீழே லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத்தான் வந்து சேரும்.

பழைய இரும்பு வியாபாரி காசு கேட்கமாட்டார், சில நேரம் நமக்கே தருவார். ஆனால் அவருக்குத் தேவை இரும்பு மட்டும். கசட்டை வடிகானில் சாய்த்துவிட்டு, அங்கேயே கேஸ் கட்டரால் துண்டு போடப் பார்ப்பார். எனக்குப் பெரிய பயமே இதுதான். டீசல் பெற்றோல் மாதிரிச் சட்டென்று பற்றாது என்பது உண்மை. ஆனால் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கசடு கட்டரின் சூட்டில் ஆவியாகி, தாங்கிக்குள் இருக்கும் காற்றோடு கலந்துவிடும். அப்புறம் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். காலித் தாங்கிதானே என்று நம்பி உயிரை விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. இவரை நான் சேர்க்கவே மாட்டேன்.

ஊர் வெல்டிங் பாஸ் வேறு மாதிரி. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் எந்தப் பக்கத்தால் இறங்கும், எந்த மதிலுக்குக் கீழே மண் இளகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்ல டீசலைக் கைப்பம்பால் பீப்பாவுக்கு இறைத்துவிடுவார். சிக்கல் கடைசிப் பீப்பாவில்தான்: கறுத்து, தார் மாதிரி, பாதி தண்ணீர். "அதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

கொழும்பிலிருந்து வரும் தாங்கி சுத்திகரிப்புக் கம்பனிதான் செலவு கூடியது. கசட்டை ஏற்றும் பவுசர் லொறி மலையேறி வரும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் பில். தோட்டத்து ரோட்டு வளைவில் பெரிய வண்டி திரும்புமா என்பதை முன்கூட்டியே படம் எடுத்து அனுப்புங்கள். ஆனால் கசட்டை உறிஞ்சி, உள்ளே கழுவி, பற்றக்கூடிய ஆவி மிச்சமில்லையா என்று வாயு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தாங்கியில் கை வைப்பார்கள். அபாயகரக் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை கொடுக்கும் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, காலாவதித் திகதியைப் பாருங்கள்.

என் தெரிவு, வேலையை இரண்டாகப் பிரிப்பது. கசடும் கழுவலும் கம்பனிக்கு, தோண்டித் தூக்குவது பாஸுக்கு. இரண்டுக்கும் எழுத்தில் விலை.

தாங்கி தடுப்புமதிலை ஒட்டிக் கிடந்தால் தோண்டவே வேண்டாம். சுத்தம் செய்து, மணலோ இளகிய கொங்கிரீட்டோ நிரப்பி விட்டுவிடலாம். மண்சரிவு அபாயம் உள்ள இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் முதலில் கேளுங்கள்.

காலமும் முக்கியம். நுவரெலியா, ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச் நல்லது. பண்டாரவளையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைந்த காலம். மழையில் குழி நிரம்பினால் காலித் தாங்கி மிதந்து எழும்பி, குழாயையும் பிய்த்துவிடும்.

தாங்கி வெளியே வந்ததும் குழிக்குள் இறங்காமல், அடிமண்ணை மேலே எடுத்துக் கிளறிப் பாருங்கள். கறுத்து டீசல் மணத்தால், அந்த மண்ணைத் தனியே அள்ளி, பொலித்தீனால் மூடி, கம்பனியிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கும் கசட்டுக்கும் ஒப்படைத்த பற்றுச்சீட்டு கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.