கட்டபெட்டு கள்ளிப் பண்ணை: பாலைவன மரம் வாங்க நம்பிப் போகலாம்

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், கட்டபெட்டு தாண்டியதும் தேயிலைக்கு நடுவே ஒரு பாலித்தீன் கூடாரம் தெரியும். பெயர்ப்பலகை இல்லை. கள்ளியும் பாலைவன மரக்கன்றுகளும்தான் விற்கிறார்கள், எல்லாமே விதை போட்டு வளர்த்தவை.

எனக்கு ரொம்பப் பிடித்தது சவாரோ வரிசை. அரிசோனா பாலைவனத்தில் கைகளை விரித்து நிற்குமே, அந்த ராட்சதக் கள்ளி. ஒவ்வொரு தட்டிலும் விதைத்த வருடத்தை ஐஸ் குச்சியில் எழுதிச் செருகியிருக்கிறார்கள். புதிய தட்டில் குனிந்து பார்த்தால் இரண்டு தடித்த விதையிலை, நடுவில் மயிர் போல ஒரு கொத்து முள், அவ்வளவுதான். 2017 தட்டில் இருப்பவையே கட்டைவிரல் உயரம்தான். அதுவும் தண்ணீரும் கவனிப்பும் கொடுத்து வளர்த்ததால். காட்டில் முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வந்தாலே பெரிது, பூக்க முப்பத்தைந்து வருடம் போல ஆகும், முதல் கை முளைக்க ஐம்பதுக்கு மேல். வாங்குபவரிடம் பண்ணை நடத்தும் அண்ணன் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குகிறார். சீக்கிரம் வளரும் என்று ஆசை காட்டாத நர்சரி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கூடாரத்தில் இப்படி எல்லா வயதும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் ஒரு காடு நலமாக இருக்கிறதா என்பதற்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று புரிகிறது. பெரிய மரம் எத்தனை என்று எண்ணினால் போதாது, அடியில் இளசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சவாரோ நூற்றைம்பது வருடத்துக்கு மேலும் வாழும், அதனால் கன்றே வராமல் போனாலும் காடு பல பத்தாண்டுகள் பசுமையாகவே தெரியும். 1933-ல் அரிசோனாவில் இதற்கென்று பாதுகாப்பிடம் அறிவித்த பிறகும் அங்கே பெரியவை நிறைய, கன்றுகள் குறைவு என்ற நிலைதான் இருந்தது. விறகுக்காக நிழல் தரும் பாலோ வெர்டே, மெஸ்கீட் மரங்களை வெட்டிவிட்டார்கள், மிச்சத்தை மாடு மிதித்தது. அந்த நிழல் இல்லாமல் சவாரோ கன்று வெயிலிலும் உறைபனியிலும் செத்துவிடும். ஒரு சவாரோ வாழ்நாளில் கோடிக்கணக்கில் விதை போட்டும் பிழைப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதுவும் நல்ல மழை பெய்த வருடங்களில் கூட்டமாக வரும். மேய்ச்சலை நிறுத்திய பிறகு கன்றுகள் மறுபடி தலைகாட்டின.

நம் நீலகிரிச் சோலைக்காடும் இப்படித்தானே, பெரும்பாலான சோலைக் கன்றுகள் மரநிழலில் பிழைக்கும், திறந்த புல்வெளியில் உறைபனி கருக்கிவிடும். காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மாதிரி சிலவே அங்கே தாங்கும். கன்றை எப்போதும் ஒரு புதர்ச்செடியின் நிழலில் வையுங்கள் என்று இங்கே சொல்லி அனுப்புகிறார்களே, அதை அப்படியே கேளுங்கள்.

வன்னிக் கன்றும் இருக்கிறது. ஆனால் ஊட்டிக்காரர் கேட்டால் கொடுப்பதில்லை, குளிரில் வராது, மேட்டுப்பாளையம் கோயமுத்தூர் பக்கம் நடுவதானால் வாங்குங்கள் என்கிறார்கள். வேர் ஆழமாக இறங்கும் மரம், அதனால் பையில் ரொம்ப நாள் வைக்காமல் சின்னதாகவே விற்பது நல்ல பழக்கம். நட்ட பிறகு ஆட்டுக்கு எட்டாமல் முள் வேலி கட்டாயம்.

குறை என்று பார்த்தால், பெரிய தொட்டிச் செடிகளில் வருடம் எழுதிய குச்சி இல்லை, விலை மட்டும் ஒட்டியிருக்கிறது. வயதுக்குத்தான் காசு கொடுக்கிறோம், அங்கேதானே அது முக்கியம்! அப்புறம் பொட்டலம் கட்டுவதில் அக்கறை போதாது. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தது பஸ்ஸில் கொண்டைஊசி வளைவு முடிவதற்குள் சல்லிமண்ணெல்லாம் கொட்டிவிட்டது, அட்டைப்பெட்டி கையோடு கொண்டுபோங்கள். மழை மாதங்களில் வாங்கினால் ஈரத்தில் வேர் அழுகும், தை மாசியில் போவது நல்லது.